தாத்தாவின் ‘சீக்கோ 5’ கடிகாரம் நாளுக்கு 12 நிமிடம் முந்துகிறது, மெஷினை மாற்ற வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது கட்டிய சீக்கோ 5 ஆட்டோமேட்டிக் பெட்டியில் கிடைத்தது. பின்மூடியில் 7009 என்று இருக்கிறது. கையில் கட்டினால் ஓடுகிறது, ஆனால் ஒரு நாளைக்கு 12 நிமிடம் முந்துகிறது. டவுன் கடையில் மெஷினையே மாற்றணும் என்கிறார்கள். பூமி வேகமாகச் சுற்றுகிறது, உலக நேரத்தில் ஒரு நொடியைக் கழிக்கப் போகிறார்கள் என்று செய்தியில் வருகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்:

மாற்ற வேண்டாம். காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் வரையாவது யாரிடமும் கொடுக்க வேண்டாம். எண்ணெய் காய்ந்துபோன பழைய கடிகாரம் பெரும்பாலும் தள்ளாடும், நின்று நின்று ஓடும், பிந்தும். நன்றாக ஓடிக்கொண்டே பத்து, பன்னிரண்டு நிமிடம் முந்துகிறது என்றால் முதல் சந்தேகம் காந்தத்தின் மேல்தான்.

பூமியை விட்டுவிடலாம். 2024 ஜூலை 5 அன்று ஒரு நாள் 86,400 நொடியைவிட 1.66 மில்லிநொடி குறைந்தது. செய்தியில் பெரிதாகப் பேசப்படுவது இந்த அளவைத்தான். உங்கள் கடிகாரம் முந்துவது 720 நொடி, அதாவது அதைப் போல் நான்கு லட்சம் மடங்குக்கும் மேல். பூமியின் சுழற்சியோடு பொருந்த உலக நேரத்தில் செருகும் லீப் நொடிகளை 1972 முதல் இதுவரை 27 முறை சேர்த்திருக்கிறார்கள். எல்லாமே கூட்டியவை, கழித்தது ஒன்றுகூட இல்லை. கடைசியாகச் சேர்த்தது மலேசிய நேரப்படி 2017 ஜனவரி 1 காலை எட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன். இந்த வழக்கத்தையே 2035க்குள் தளர்த்துவதென்று 2022 நவம்பரில் உலக அளவைகள் மாநாடு முடிவு செய்துவிட்டது. அந்தக் கடிகாரத்தில் கைவைத்துத் திருப்ப வேண்டிய நேரமாற்றம் என்றால் 1981 டிசம்பர் 31 இரவில் நடந்ததுதான். தீபகற்ப மலேசியாவில் அன்று 11.30 மணியை நேராக 12 ஆக்கி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். தாத்தாவின் கடிகாரம் அதற்கு முந்தியதா என்று அறிய, பின்மூடியில் இருக்கும் ஆறு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0 (ஆங்கில O போலவும் தெரியும்), நவம்பருக்கு N, டிசம்பருக்கு D இருக்கும். எந்தப் பத்தாண்டு என்பதை வாங்கிய காலத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இனி மெஷின். 7009 என்பது மெஷினின் எண். இது மணிக்கு 21,600 தட்டு, நொடிக்கு ஆறு. தாளத்தைக் காப்பது, முன்னும் பின்னும் சுழன்றாடும் பேலன்ஸ் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹேர்ஸ்பிரிங். முடி போன்ற மெல்லிய கம்பி, சுற்றுச் சுற்றாக, ஒன்றை ஒன்று தொடாமல் விரிந்து சுருங்க வேண்டும். காந்தம் ஏறினால் பக்கத்துச் சுற்றுகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவுடன் வேலை செய்யும் கம்பியின் நீளம் குறைகிறது, சக்கரம் சீக்கிரம் திரும்பி வருகிறது, கடிகாரம் முந்துகிறது. கைப்பேசியின் ஒலிபெருக்கி, காந்த மூடி வைத்த கைப்பேசி உறை, கைப்பையின் காந்தப் பொத்தான், வயரில்லா சார்ஜர் இவற்றில் ஏதாவது ஒன்றின் மேல் சில நிமிடம் கிடந்தாலே போதும்.

முதலில் அளவெடுங்கள். 7009க்குக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது, கை அசைவில்தான் ஏறும். ஒரு பகல் முழுக்கக் கட்டியிருந்துவிட்டு, இரவில் நொடிமுள் 12ஐத் தொடும்போது கைப்பேசி நேரத்தை நொடியோடு குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேலே பார்க்க வைத்து, 24 மணி நேரம் கழித்து மறுபடி குறியுங்கள். ஒரு நாள் கணக்கை நம்ப வேண்டாம், மூன்று நாள் எடுங்கள்.

காந்தச் சோதனைக்குச் சாரணர் படையில் கொடுக்கிற சாதாரணத் திசைகாட்டி போதும். கைப்பேசியில் உள்ள திசைகாட்டி வேண்டாம், அந்தப் பேசிக்குள்ளேயே காந்தம் இருக்கிறது. கடிகாரத்தை மேசையில் வைத்து அதன் மேல் திசைகாட்டியை மெல்ல நகர்த்துங்கள். பேலன்ஸ் இருக்கும் இடத்தில் ஊசி விடாமல் துடித்தால் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கிறது. ஊசி ஒரு பக்கம் சாய்ந்து அசையாமல் நின்றால் உறையின் எஃகுதான் இழுக்கிறது, அதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

காந்தம் இறக்கும் கருவி ஒரு சிறு பெட்டி, உள்ளே கம்பிச் சுருள், மேலே ஒரு பொத்தான். கைவினை தெரிந்த கடைகளில் இருக்கும், இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும். உலோகப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். கடிகாரத்தைச் சுருளின் மேல் பிடித்து, பொத்தானை அழுத்தி, அழுத்திய விரலை எடுக்காமலே கடிகாரத்தை மெதுவாக ஒரு முழ உயரத்துக்கு மேல் தூக்குங்கள். அதன் பிறகுதான் பொத்தானை விட வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கடிகாரம் சுருளின் மேலேயே இருக்கும்போது பொத்தானை விட்டால், அந்தக் கணத்தில் ஓடிய மின்சாரமே திரும்பக் காந்தத்தை ஏற்றிவிடும். சுருள் சூடாகிவிடும் என்பதால் ஒரு தடவைக்குச் சில நொடிதான். இரண்டு மூன்று தடவை செய்யலாம். பட்டையைத் தனியாகச் செய்யுங்கள். பேட்டரிக் கடிகாரத்துக்கு இதைச் செய்யாதீர்கள், அதன் மோட்டாருக்குள் இருக்கும் குட்டிக் காந்தம் பலமிழந்துபோகலாம்.

காந்தம் இறங்கிய பின் மறுபடி மூன்று நாள் அளவெடுங்கள். இந்த வயதுக் கடிகாரம் ஒரு நிமிடத்துக்குள் நின்றால் அதுவே நல்ல நிலை. இன்று புதிதாக விற்கும் 4ஆர்36 மெஷினுக்கே சீக்கோ ஒப்புக்கொள்வது நாளுக்கு 45 நொடி முந்தலும் 35 நொடி பிந்தலும்.

காந்தத்தைப் பார்க்காமலே, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தள்ளும் கடைக்காரரிடம் மட்டும் ஜாக்கிரதை. அந்தச் சிறு நெம்புகோல் சில நிமிடங்களைச் சரிசெய்யத்தான். 12 நிமிடத்தை அடக்க அதை ஓரம்வரை தள்ளினால், பின்னாளில் காந்தம் இறங்கும்போது கடிகாரம் தலைகீழாகப் பிந்தும். பேலன்ஸ் சக்கரத்தை மேலிருந்து பிடித்திருக்கும் தகட்டின் (பேலன்ஸ் பாலம்) மேல் நெம்புகோல் இரண்டு இருக்கும். கூட்டல், கழித்தல் குறியை ஒட்டிய ஒன்றைத்தான் தொட வேண்டும். மற்றது ஹேர்ஸ்பிரிங்கின் வெளி முனையைப் பிடித்திருப்பது. அதை நகர்த்தினால் 'டிக்' ஒரு அளவு, 'டாக்' வேறு அளவு என்று தாளம் நொண்டும். தட்டும் ஒலியைக் கேட்டு வேகத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இல்லாமல் அதைத் திரும்ப நேராக்குவது கடினம்.

காந்தமும் இல்லை, ஆனாலும் முந்துகிறது என்றால் ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது அடிபட்டு வளைந்திருக்கலாம். அப்போது பிரித்துக் கழுவிச் சர்வீஸ் செய்யத்தான் வேண்டும். கடைக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: முழுதாகப் பிரிப்பீர்களா, பெட்ரோலில் முக்கி எடுப்பீர்களா? வேகமான சக்கர முனைகளுக்கும் மெதுவான முனைகளுக்கும் வேறு வேறு எண்ணெயா? முடிந்ததும் டைம்கிராஃபரில் காட்டுவீர்களா? வேகமான முனைகளுக்கு மோபியஸ் 9010 போன்ற மெல்லிய எண்ணெய், ஓட்டும் சக்தியைச் சேர்த்துவைக்கும் மெயின்ஸ்பிரிங் இருக்கும் பெட்டியின் சுவருக்குக் கெட்டியான கிரீஸ், இந்த வித்தியாசம் தெரிந்தவரிடம் நம்பிக் கொடுக்கலாம். மூன்றாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் ஈப்போ வரை போய்த் தேடுங்கள், போக்குவரத்துச் செலவு வீணாகாது. ஹேர்ஸ்பிரிங்கில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அது துரு. பேலன்ஸை முழுதாக மாற்ற வேண்டும், அப்போதும் மெஷின் மாற்றத் தேவையில்லை. வேறு மெஷின் போட்டால் டயலின் கால்களும் முட்களின் துளைகளும் பொருந்துமா என்பது தனித் தலைவலி. தாத்தா பார்த்த டயலும் முட்களும் குப்பைக்குப் போய்விடக் கூடாது.

பின்மூடியை நீங்களே திறக்க நினைத்தால் திருப்புளி வேண்டாம், ஒரு வழுக்கலில் கோடு விழும். கைக்குள் அடங்கும் ரப்பர் பந்தைக் காற்றுக் குறைத்து மூடி மேல் அழுத்தி இடப்பக்கம் திருகுங்கள், மிக இறுகாத மூடி கழன்றுவிடும். உள்ளே ரப்பர் வளையம் தட்டையாகி, பிசுபிசுத்து இருக்கும். அதே அளவில் புதிது போட்டு, சிலிகான் கிரீஸ் மிக மெல்லியதாகத் தடவுங்கள். மூடும் இடம் முக்கியம். மழை பெய்த மாலையில் திண்ணையில் உட்கார்ந்து மூடினால் அந்த ஈரக் காற்றையும் சேர்த்தே பூட்டுகிறீர்கள், மறுநாள் காரில் ஏர்கான் போட்டதும் கண்ணாடிக்குள் பனி பூக்கும். ஏர்கான் அறையில் அரை மணி திறந்து வைத்து, அங்கேயே மூடுங்கள். ஏற்கெனவே பனி பூத்திருந்தால் அரிசிக்குள் புதைக்காதீர்கள், அன்றே திறந்து உலர்த்தக் கொடுங்கள்.

புது வளையம் போட்டாலும் இந்த வயதில் தண்ணீர் புகாது என்று நம்ப வேண்டாம். ரப்பர் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் கையாளும்போதும், புல்வெட்டி இயந்திரம் பிடிக்கும்போதும், செம்பனைக் குலை அறுக்கும்போதும் கழற்றி வையுங்கள். கிழமையையும் தேதியையும் இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை நான்கு வரை குமிழைத் திருகி மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் மாற்றும் பற்கள் ஏற்கெனவே பிடித்திருக்கும், திருகினால் பல் உடையும். முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு மாற்றுங்கள்.