மேகம் இறங்கிய இரவில் கோள்கள்: கேள்வி பதில்

கோத்தகிரியில் மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் என் ஆறு இன்ச் டெலஸ்கோப்பை வைத்து வானம் காட்டுவது வழக்கம். போன முறை ஏழு மணிக்கே மேகம் இறங்கிவிட்டது. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. ஜெர்க்கினும் மங்கி குல்லாவுமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் வகுப்பறையில் உட்காரவைத்து, கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போடச் சொன்னேன். அன்று சொன்னதையும் நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். ஜாதகச் சீட்டு ஒன்றும் வந்திருந்தது, அதையும் ஒதுக்கவில்லை.

கோயிலில் ஒன்பது கிரகம். என் புத்தகத்தில் எட்டு. அப்பா படித்தபோதும் ஒன்பதுதானாம். எது சரி சார்? (ஏழாம் வகுப்பு மாணவி)

மூன்றும் வேறு வேறு பட்டியல், கண்ணு. கோயில் ஒன்பதில் பூமி இருக்கிறதா என்று அடுத்த முறை சுற்றும்போது பார். இருக்காது. அது பூமியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களின் கணக்கு. நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் நிற்க, அவற்றுக்கு நடுவே நகர்ந்துகொண்டே இருந்தவை ஏழு: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. வாரத்தின் ஏழு நாளும் இவைதான். ராகுவும் கேதுவும் பொருட்களே அல்ல. வானத்தில் நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்கிற இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் சூரியன் இருக்கும்போதுதான் கிரகணம் வரும். பாம்பு விழுங்குகிறது என்று சொன்னவர்களுக்குப் பாம்பின் இடம் சரியாகத் தெரிந்திருந்தது.

அப்பாவின் ஒன்பதில் கடைசி ஆள் புளூட்டோ. 1930இல் கண்டுபிடித்தார்கள். 2005இல் அதே அளவில் ஏரிஸ் என்று இன்னொன்று அறிவிக்கப்பட்டதும் சிக்கல் வந்தது. 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் கோளுக்கு மூன்று நிபந்தனை வைத்தது. சூரியனைச் சுற்றவேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்கவேண்டும், போகிற பாதையில் தானே பெரிய ஆளாக இருந்து மற்ற துண்டு துணுக்குகளை அப்புறப்படுத்தியிருக்கவேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தோற்றது, குறுங்கோள் ஆனது. இதே கதை 1801இல் கண்டுபிடித்த சீரிசுக்கும் நடந்திருக்கிறது. அதையும் பல வருடம் கோள் என்றே எண்ணிவிட்டு, அக்கம்பக்கத்தில் நிறைய அகப்பட்டதும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பரீட்சையில் எட்டு என்று எழுது. எனக்கு இந்த எண்ணிக்கைச் சண்டையைவிட, எது எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதில்தான் ருசி.

விடியற்காலை நாலு மணிக்குக் கோஸ் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒரு வெளிச்சம் கூடவே வருகிறது. ஒரு வளைவில் இடப்பக்கம், அடுத்த வளைவில் வலப்பக்கம். டிரோனா? (லாரி ஓட்டுநர்)

திரும்புவது நீங்கள்தான் அண்ணே, அது நின்ற இடத்தில்தான் நிற்கிறது. நீங்கள் சொல்கிற நேரத்தையும் வெளிச்சத்தையும் பார்த்தால் விடிவெள்ளி, அதாவது வெள்ளிக் கோள். கொண்டை ஊசி வளைவில் பக்கத்து மரம் பின்னால் ஓடும், கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது அசையாது, அதனால் துரத்துகிற மாதிரி இருக்கும். வெள்ளி நம்மைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் சுற்றுவதால் சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. விடியலுக்கு முன் கிழக்கே, இல்லையென்றால் பொழுது சாய்ந்தபின் மேற்கே. நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்க்கத்தான் அழகு. தரையில் 460 டிகிரிக்கு மேல் சூடு, நம்மைப்போல் 90 மடங்கு காற்றழுத்தம்.

குருப்பெயர்ச்சி வருடா வருடம் வருகிறது, சனிப்பெயர்ச்சி மட்டும் ஏன் இரண்டரை வருடம்? (பெயர் போடாத சீட்டு)

டின்னிலேயே நல்ல கேள்வி இதுதான். பலன் சொல்ல எனக்குத் தெரியாது, கணக்குச் சொல்கிறேன். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற 11.86 வருடம். வான்வழியைப் பன்னிரண்டு ராசியாகப் பிரித்திருப்பதால் ஒரு ராசிக்கு ஏறக்குறைய ஒரு வருடம். சனிக்கு ஒரு சுற்று இருபத்தொன்பதரை வருடம், பன்னிரண்டால் வகுத்தால் ஏறக்குறைய இரண்டரை. ஏழரைச் சனி என்பது மூன்று ராசி கடக்கிற நேரம், அவ்வளவுதான். கும்பகோணத்தில் மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவதும் வியாழன் சிம்மத்துக்குத் திரும்பி வருவதால்தான். பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடம் எண்ணுகிறோமே, அதற்குள் வியாழன் ஏறக்குறைய ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று முடித்து, இரண்டும் புறப்பட்ட இடத்துக்கே கிட்டத்தட்ட வந்து நிற்கும். டெலஸ்கோப் இல்லாத காலத்தில், வெறும் கண்ணால், தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதிவைத்த கணக்கு. நம் மலைக் குறிஞ்சிக்கும் பன்னிரண்டு வருடம்தான், ஆனால் அதற்கும் வியாழனுக்கும் சம்பந்தமில்லை. கேட்டுவிடுவீர்கள் என்று முன்கூட்டியே சொல்கிறேன்.

மகன் பள்ளிக் கண்காட்சிக்குச் சூரியக் குடும்பம் செய்கிறான். தெர்மாகோல் பந்து என்ன அளவில் வாங்கவேண்டும்? (கட்டபெட்டு, ஒரு அம்மா)

தெர்மாகோலை விடுங்கள்மா, சமையலறையில் தேடுவோம். எல்லாவற்றையும் நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கினால் பத்து லட்சம் கிலோமீட்டர் ஒரு மீட்டராகிவிடும். சூரியன் நாலரை அடி உயர உருண்டை. பூமி ஒரு சுண்டைக்காய். வெள்ளி இன்னொரு சுண்டைக்காய், கொஞ்சம் சிறுத்தது. புதன் ஒரு மிளகு, செவ்வாய் சின்னப் பட்டாணி. வியாழனுக்கு 14 சென்டிமீட்டரில் ஒரு குட்டிக் கோஸ், சனிக்கு அதைவிடச் சின்னக் கோஸ். யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் ஐந்து சென்டிமீட்டர் பீட்ரூட் இரண்டு. பூமிக்கு நிலா வேண்டுமென்றால் மல்லி விதை ஒன்றைச் சுண்டைக்காயிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி வையுங்கள். மனிதன் நேரில் போன அதிகபட்சத் தூரம் அந்த ஒன்றேகால் அடியும் சொச்சமும்தான்.

காய் வாங்குவது சுலபம், வைப்பதுதான் கஷ்டம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் சூரியனை நிறுத்தினால் பூமி 150 மீட்டரில். வியாழன் 780 மீட்டரில். சனிக்கு 1.4 கிலோமீட்டர். நெப்டியூன் பீட்ரூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பையன் நாலரை கிலோமீட்டர் நடக்கவேண்டும், மலை ரோட்டில் ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் வேறு என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. சார்ட்டில் எட்டையும் வரிசையாக ஒட்டுவது ஒரு பொய், இடம் போதாததால் சொல்கிற பொய். சரி, அடுத்த நட்சத்திரத்தை எங்கே வைப்பது என்று கேட்டால் 40,000 கிலோமீட்டர். நிஜ பூமியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கோத்தகிரிக்கே திரும்பி வருகிற தூரம்.

கண்காட்சிக்குக் காய்களை ஒரு தட்டில் வைத்து, தூரத்தை மட்டும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே அட்டையில் காட்டச் சொன்னால் அது நடக்காத காரியம் என்று வாத்தியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

சினிமாவில் சிறுகோள்களுக்கு நடுவே ராக்கெட் நெளிந்து நெளிந்து போகிறதே? (கல்லூரி மாணவர்)

நேராகவே போகலாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கிற சிறுகோள்களையெல்லாம் கூட்டிப் பிசைந்தாலும் நிலவின் எடையில் நூற்றில் நாலு பங்குகூட வராது. அதை அவ்வளவு பெரிய வட்டத்தில் தூவினால் பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாது. இதில் நம் ஊர்ப் பெருமை ஒன்று உண்டு. 1861 ஏப்ரலில் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் பெயரே ‘ஆசியா’. 1866இல் அதே இடத்தில் அவர் கண்ட சில்வியாவுக்கு இரண்டு குட்டி நிலவுகள் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் தெரிந்தது. 1988இல் ஜவ்வாது மலைக் காவலூரில் கண்டதற்கு ராமானுஜன் என்று பெயர்.

ஊட்டி முத்தொரையில் மலைச்சரிவில் கம்பி கம்பியாக நிற்கிறதே, அதில் சனியைப் பார்க்கலாமா? (குன்னூர்)

முடியாது. அது ரேடியோ தொலைநோக்கி, அதில் கண் வைத்துப் பார்க்கிற இடமே கிடையாது. கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டியது, 1970இலிருந்து ஓடுகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். சரிவில் வைத்ததில்தான் புத்தி இருக்கிறது. ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அதே 11 டிகிரி சாய்ந்த மலையைத் தேடி, அதன்மேல் வடக்கு தெற்காகப் படுக்கவைத்தார்கள். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. பூமி சுற்றச் சுற்ற இதை அந்த ஒரே அச்சில் எதிர்ப்பக்கம் உருட்டினால் ஒரே பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பிடித்துவைக்கலாம். சூரியனிலிருந்து ஓயாமல் வீசுகிற துகள் காற்று தொலைதூர ரேடியோ மூலங்களை மினுக்கவைக்கும். அந்த மினுக்கலை வைத்துக் காற்றின் வேகத்தை இங்கிருந்தே அளக்கிறார்கள்.

சனிக்கு என் டெலஸ்கோப் போதும். ஒருமுறை ஒரு பாட்டி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “ஓடுதே, நிக்க மாட்டேங்குதே” என்றார். என் ஸ்டாண்டில் மோட்டார் கிடையாது, ஒன்றரை நிமிஷத்தில் சனி ஓரத்துக்கு நழுவிவிடும். “ஓடுறது நாமதான் பாட்டி, பூமி சுத்துதுல்ல” என்றேன். அவர் வளையத்தை விட்டுவிட்டு அந்த ஓட்டத்தையே மூன்று தடவை திருப்பிக் காட்டச் சொன்னார்.

எரிநட்சத்திரம் பார்க்க எப்போது வரலாம்? (மூன்று பேர் கேட்டது)

ஆகஸ்ட் எரிநட்சத்திர மழையைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதை நம்பி வராதீர்கள், அப்போது இங்கே நிஜ மழைதான். நமக்கு டிசம்பர் 13, 14இல் வருகிற ஜெமினிட்ஸ் எரிநட்சத்திர மழைதான். பேத்தான் என்ற பொருள் தன் பாதையில் உதிர்த்துவிட்டுப் போன தூசுக்குள் பூமி புகுவதால் வருவது. மணல் அளவுதான், வேகத்தில் எரிகிறது. பதினொரு மணிக்கு மேல் மிதுன ராசி நன்றாக மேலே ஏறியிருக்கும், இரண்டு மணி வாக்கில் உச்சிக்கு வரும். டெலஸ்கோப் தேவையில்லை. பாயும் ரக்கும் பிளாஸ்கில் டீயும் போதும். புல்லில் நேராகப் படுக்காதீர்கள், உறைபனி முதுகில் ஏறிவிடும்.

அன்றைக்கும் மேகம் இறங்கினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். பிஸ்கட் டின்னைக் கழுவி வைத்திருக்கிறேன்.