தெருவில் தோண்டிய குழியால் கார் சேதமானால் இழப்பீடு யாரிடம் கேட்பது?

கேள்வி: குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்தில் காரின் சக்கரம் இறங்கி டயரும் ரிம்மும் போய்விட்டன. இழப்பீடு கிடைக்குமா? யாரைக் கேட்க வேண்டும்?

கிடைக்கும், ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. எனக்கு ஏழு மாதம் ஆனது. அதுவும் முழுத்தொகை இல்லை.

என் கதையும் ஏறக்குறைய உங்களுடையதுதான். இரவு, மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். கேபிளுக்காகச் சாலையின் குறுக்கே வெட்டி, மேலே மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். மழையில் மண் உள்வாங்கி, அதன்மேல் தண்ணீர் நின்றதால் பார்வைக்குச் சாலை சமமாகத்தான் தெரிந்தது. முன்பக்க இடது சக்கரம் தடாலென்று இறங்கி ஏறியது. டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வீக்கம், ரிம் ஓரத்தில் ஒரு நசுங்கல். டயரை நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டேன். குழியை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் இரும்புத் தகடு, தடுப்பு, சிவப்பு விளக்கு எல்லாம் வந்துவிட்டன! சேதத்துக்குப் படம் இருக்கிறது, அது எதனால் வந்தது என்பதற்கு இல்லை.

என்னைக் காப்பாற்றியது டேஷ்கேம், அதாவது காரில் பொருத்தி முன்னால் உள்ள சாலையைப் பதிவு செய்யும் கேமரா. அது பழைய பதிவை அழித்து அழித்துப் புதியதை எழுதும் சாதனம். எனக்கு அதன் நினைவே இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. கார் ஒர்க்‌ஷாப்பில் ஓடாமல் நின்றதால் பதிவு தப்பியது. உங்களிடம் டேஷ்கேம் இருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே மெமரி கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

குழி இன்னும் அப்படியே இருந்தால், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவது போலத் தூரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். எச்சரிக்கைப் பலகை, விளக்கு, தடுப்பு எதுவும் இல்லை என்பது அதில் தெரிய வேண்டும். எதிர்த்தரப்பு முதலில் சொல்வது 'பலகை வைத்திருந்தோம்' என்பதுதான். பிறகு குழிக்குள் ஓர் அளவு டேப்பை நிறுத்தி ஆழம் தெரியும்படி ஒன்று. அங்கே நிற்கும் வண்டியிலோ பலகையிலோ நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரைக் கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சாலை தேய்ந்து தானாக விழுந்த பள்ளமும், வேலைக்காக ஒருவர் வெட்டிய குழியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. தானாக விழுந்த பள்ளம் என்றால் சாலைத் துறைக்குத் தப்பிக்க வழி உண்டு. இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, நியாயமான அளவு சோதித்துப் பராமரித்தோம் என்று காட்டினால் அவர்களை விட்டுவிடுகிறது. நியூயார்க் நகரில், எழுத்துமூலம் தகவல் போய் 15 நாளாகியும் சரிசெய்யாமல் இருந்திருந்தால்தான் நகராட்சியிடம் இழப்பீடு கேட்க முடியும். ஆனால் நகராட்சியே வெட்டி வைத்த குழி என்றால் அங்கேயும் 'எங்களுக்குத் தெரியாது' என்ற பேச்சு எடுபடாது. வெட்டியவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? அதனால் புகாரில் 'பள்ளம்' என்று எழுதாதீர்கள். 'பணிக்காக வெட்டிச் சரியாக மூடாத இடம்' என்று எழுதுங்கள். நான் முதல் கடிதத்தில் பள்ளம் என்று எழுதிவிட்டு, மூன்று வாரம் கழித்து 'முன்புகார் இல்லை' என்று பதில் வாங்கினேன்.

சாலை ஒருவருடையது, குழாய் இன்னொருவருடையது, வேலை ஒப்பந்ததாரருடையது, அவருக்குக் கீழே ஒரு துணை ஒப்பந்ததாரர் வேறு. ஒவ்வொருவராகக் கேட்டால் அவரைக் கேள், இவரைக் கேள் என்று அலையவிடுவார்கள். ஒரே கடிதத்தை ஒரே நாளில் எல்லாருக்கும் அனுப்புங்கள். தோண்ட அனுமதி கொடுத்த அலுவலகத்திடம் அனுமதி எண்ணையும் ஒப்பந்ததாரர் பெயரையும் கேளுங்கள். ஒப்பந்ததாரரிடம் அவருடைய மூன்றாம் நபர் காப்பீட்டு (பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு) விவரத்தைக் கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு ஒழுங்கான பதில் வரத் தொடங்கியது. கெடுவையும் முதல் வாரத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பொருள் சேதத்துக்கு வழக்குப் போட 6 ஆண்டு இருக்கிறது, நியூயார்க் மாநிலத்திலோ உள்ளாட்சிக்கு 90 நாளுக்குள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

சொந்த இன்சூரன்ஸில் கேட்கலாமே என்றால், கேட்கலாம். ஆனால் செலவில் பாலிசி சொல்லும் முதல் தொகையை நாம்தான் போட வேண்டும், நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகலாம். டயர் மட்டும் தனியாகப் போனால் பல பாலிசிகள் தருவதில்லை. சஸ்பென்ஷன் வரை அடி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது காப்பீட்டு நிறுவனமே தான் கொடுத்த பணத்தை ஒப்பந்ததாரரிடம் வசூலிக்கப் பார்க்கும்.

மெக்கானிக்கிடம் வெறும் பில் மட்டும் வாங்கினால் போதாது. சேதம் திடீர் மோதலால் வந்தது என்று எழுதி வாங்குங்கள். பக்கவாட்டு வீக்கம் என்பது உள்ளே இருக்கும் நூல் அடுக்கு அறுந்து காற்று ரப்பரைப் புடைக்க வைப்பது. சாதாரணத் தேய்மானத்தில் டயர் அப்படிப் புடைக்காது. கழற்றிய டயரைக் கடையில் விட்டுவிடாதீர்கள், ஆய்வுக்கு ஆள் வரலாம். எனக்கு வந்தார். வந்து, டயர் பாதி தேய்ந்தது என்று சொல்லிப் பாதி விலைதான் போட்டார். கோபம் வந்தது, ஆனால் யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ரிம்முக்கும் அலைன்மெண்டுக்கும் முழுத்தொகை கிடைத்தது.

கடைசியில் ஒரு தாளை நீட்டுவார்கள், இதுவே இறுதித் தீர்வு, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று. நான் அன்றே கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரத்தில் வேகமாகப் போகும்போது ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. சக்கரத்தைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம் லேசாக வளைந்திருக்கிறது என்றார் மெக்கானிக். அந்தச் செலவு என் தலையில்தான் விழுந்தது. நீங்கள் காரைத் தூக்கி அடிப்பாகம் முழுவதையும் பார்க்கச் சொல்லி, ஒரு நாள் வேகமாக ஓட்டியும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.