சங்கத்தின் வளாகத்திலிருந்து காரை இழுத்துச் சென்றுவிட்டார்கள்: கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில், வீட்டு உரிமையாளர் சங்கம் (எச்.ஓ.ஏ.) நிர்வகிக்கும் டவுன்ஹவுஸ் குடியிருப்பில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்த மைத்துனர் தம் காரை இரவு விருந்தினர் பார்க்கிங்கில் நிறுத்தியிருந்தார். அனுமதி அட்டை வைக்கவில்லை என்று இரவு இரண்டு மணிக்கு டோ டிரக் அதை இழுத்துச் சென்றுவிட்டது. 480 டாலரைப் பணமாகவே கட்டி மீட்டோம். அட்டை விதி வந்ததே எங்களுக்குத் தெரியாது. பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா?

பதில்: முதலில் பணத்தைக் கட்டிக் காரை மீட்டது சரியான முடிவு. வாக்குவாதம் முடியட்டும் என்று காத்திருந்தால் யார்டில் வைத்திருப்பதற்கான வாடகை நாளுக்கு நாள் ஏறும். கட்டிவிட்டதால் உங்கள் உரிமை எதுவும் போய்விடவில்லை.

இத்தகைய வழக்குகளில் பலரும் "இந்த விதி நியாயமா?" என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த வாதத்தில் சங்கத்தின் கை பெரும்பாலும் ஓங்கியிருக்கும். உங்களுக்குப் பலம் தருவது வேறொரு கேள்வி: காரை இழுத்த முறை சட்டப்படி இருந்ததா? தனியார் இடத்திலிருந்து வாகனத்தை அகற்றுவதற்கான நடைமுறையைக் கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 22658ஆம் பிரிவு மிக நுணுக்கமாக வகுத்திருக்கிறது. வீட்டு உரிமையாளர் சங்கங்களை அது பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கார் நின்ற இடம் நகராட்சியின் பொதுத் தெருவாக இருந்தால், அதை அகற்ற இந்தப் பிரிவு சங்கத்துக்கு அதிகாரம் தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி ஒரு தாளில் இருக்கிறது. விருந்தினர் பார்க்கிங்கில் நிற்கும் காரை டோ நிறுவனம் தானாகவே ரோந்து வந்து தூக்கிச் செல்ல முடியாது. சங்கமோ அதன் ஊழியரோ முகவரோ அந்த நேரத்தில் அங்கே நேரில் இருந்து, விதிமீறலைச் சரிபார்த்து, அந்தக் காருக்கென்றே எழுத்துமூலம் அனுமதி தந்திருக்க வேண்டும். அந்தத் தாளில் காரின் விவரங்களும், அனுமதித்தவரின் பெயர், பதவி, கையொப்பம், தொலைபேசி எண்ணும், அகற்றுவதற்கான காரணமும், கார் நிற்பதை முதலில் பார்த்த நேரமும், அனுமதி தந்த நேரமும் இருக்க வேண்டும். தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள், தீயணைப்பு வண்டிப் பாதையில், அல்லது நுழைவாயிலை மறித்து நிற்கும் வாகனங்களுக்கு மட்டுமே பொது அனுமதியின் பேரில் நிறுவனம் தானாக இயங்கலாம். அப்போதும் முன்கூட்டியே புகைப்படம் எடுத்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு உங்கள் வளாகத்தில் நின்று கையெழுத்திட்டவர் யார்? அந்தத் தாளின் நகலைப் பணம் வாங்கும் முன்பே உங்களிடம் தந்திருக்க வேண்டும். தரவில்லையென்றால் இப்போது எழுத்துமூலம் கேளுங்கள்.

அடுத்தது அறிவிப்புப் பலகை. எல்லா நுழைவாயில்களிலும் கண்ணில் படும்படி, குறைந்தது 17 அங்குலத்துக்கு 22 அங்குல அளவில், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்துகளில் அது இருக்க வேண்டும். உள்ளூர்க் காவல் துறையின் எண்ணும், ஒப்பந்தம் செய்த டோ நிறுவனத்தின் பெயரும் எண்ணும் அதில் வேண்டும். நான் பார்த்த ஒரு குடியிருப்பில் முன்வாயில் பலகை பளிச்சென்று இருந்தது. பின்வாயில் பலகையோ அரளிப் புதருக்குள் பாதி மறைந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விலகிப்போன நிறுவனத்தின் எண்ணைத் தாங்கி நின்றது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒவ்வொரு வாயிலுக்கும் போய்ப் படம் எடுத்து வையுங்கள். தோட்டக்காரர் வந்து புதரை வெட்டிவிட்டால் அந்த ஆதாரம் போய்விடும்.

பலகையில் குறை இருந்தால், வாகன உரிமையாளருக்குச் சங்கம் கட்டணத்தின் இரு மடங்கைத் தர வேண்டியிருக்கும். உங்கள் கணக்கில் அது 960 டாலர் வரை போகலாம். காவல் துறையுடனான ஒப்பந்தத்தில் வாங்கும் கட்டணத்தைவிட அதிகம் வாங்கியிருந்தால் வாங்கியவரின் பொறுப்பு நான்கு மடங்கு. கார்டைப் பார்த்ததும் "பணம் மட்டும்தான்" என்று யார்டில் சொன்னார்களா? கிரெடிட் கார்டை அவர்கள் ஏற்றே ஆக வேண்டும்.

விதி தெரியாது என்றீர்கள். நடைமுறை விதியை மாற்றும் முன் உறுப்பினர்களுக்குச் சங்கம் பொதுவாக 28 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த அறிவிப்பு, அதை நிறைவேற்றிய கூட்டக் குறிப்பு, டோ நிறுவனத்துடனான ஒப்பந்தம் மூன்றையும் பார்வையிட உறுப்பினர் என்ற முறையில் உங்களுக்கு உரிமை உண்டு. மைத்துனருக்கு அந்த உரிமை இல்லை. வழக்குத் தொடுக்கும்போது நிலைமை தலைகீழ்: கார் அவர் பெயரில் இருப்பதால் வாதியாக அவரே நிற்க வேண்டும். ஆகவே ஆவணங்களை நீங்கள் திரட்டிக் கொடுங்கள். கோரிக்கைக் கடிதத்தை அவர் சங்கத்துக்கும் டோ நிறுவனத்துக்கும் தனித்தனியே அனுப்பட்டும்.

பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. தனிநபர்கள் 12,500 டாலர் வரை அங்கே கோரலாம். 1,500 டாலருக்கு மேற்படாத கோரிக்கைக்கு மனுக் கட்டணம் 30 டாலர். விசாரணையில் எந்தத் தரப்புக்காகவும் வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால், சங்கத்தின் சார்பில் வருபவரிடம் நீதிபதியே அந்த அனுமதித் தாளைக் கேட்பார்.