சிவப்புக் குச்சிகளும் ஒரு பேனும்

அன்புள்ள ஐயா,

நான் லேப் டெக்னீஷியன், தினமும் சளி ஸ்லைடு பார்ப்பவள். போன வருடம் எனக்கே டிபி வந்தது. என் ஸ்லைடை நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஆறு மாத மருந்து முடித்துவிட்டேன் (சிவப்பு நிறம் மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது). அந்த நாட்களில் கிருமிகளை வாட்டர்கலரில் வரைய ஆரம்பித்தேன். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வேத வசனம் எழுதியிருக்கிறேன். அசனப் பண்டிகையின்போது ஆலயத்தில் வைக்கலாமா என்று கேட்டதற்கு, சபைக் கமிட்டியில் ஒருவர் "வியாதியைக் கொண்டுவந்து கர்த்தருடைய வீட்டில் மாட்டுவதா" என்றார். இது கலையா, வெறும் பாடப்புத்தகப் படமா? ஆலயத்தில் வைப்பது தவறா? படங்களை இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

கொஞ்ச நாளாக யான் ஸ்வாமர்டாம் என்ற பதினேழாம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாம்காரரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பூச்சிகளை அறுத்து லென்ஸில் பார்த்து வரைந்தவர், பக்தி படாதபாடு படுத்திய மனிதர், காய்ச்சலிலேயே இறந்தவர். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

கலையா பாடப்படமா என்பதை விடுங்கள், அதை முடிவு செய்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கமிட்டிக்காரருக்கும் பதில் சுருக்கம்தான். 1512க்கும் 1516க்கும் இடையில் இன்றைய பிரான்சில் உள்ள இசன்ஹைம் மடத்துக்கு க்ரூனவால்ட் என்ற ஓவியர் ஒரு பலிபீட ஓவியம் வரைந்தார். அந்த மடத்தைத் தேடி வந்தவர்கள் 'அந்தோனியார் நெருப்பு' பிடித்தவர்கள். ரை தானியத்தில் வளரும் ஒரு பூஞ்சை, ரொட்டியோடு உள்ளே போய்க் கைகால் அழுகியவர்கள். அவர்களுக்கு முன்னால் அவர் தொங்கவிட்ட கிறிஸ்துவின் உடம்பு முழுக்கப் புண். வியாதி ஆலயத்துக்குள் போய் ஐந்நூறு வருடமாகிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் உங்கள் படங்கள் மேல்தான். முதல் இரண்டும் நன்றாக இருக்கின்றன. நீலத்தின் மேல் சிவப்புக் குச்சிகள், சில ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சில கயிறு போல முறுக்கிக்கொண்டு. மூன்றாவதிலிருந்து என்ன ஆயிற்று? குறுக்கே விழுந்த குச்சிகளையெல்லாம் சிலுவையாக்கி, சுற்றிலும் மஞ்சள் ஒளிவட்டம் போட்டு, கீழே வசனம். தினமும் ஸ்லைடு பார்க்கிற நீங்கள் இதைச் செய்யலாமா? அந்தச் சிவப்பு கிருமியின் நிறமே இல்லை, ஊற்றிச் சூடாக்கிய ஃபக்சின் சாயம் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆசிட் விட்டுக் கழுவும்போது மற்றதெல்லாம் சாயத்தை விட்டுவிட, இது மட்டும் தன் மெழுகுத் தோலில் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பிடிவாதத்தோடுதானே ஆறு மாதம் மல்லுக்கு நின்றீர்கள், அது படத்தில் எங்கே?

என் அக்காவுக்கு டிபி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'நெஞ்சுச் சளி' என்பார்கள். ஜெபிக்க வந்தவர்கள் அவள் தலையில் கை வைத்து, அறிக்கையிடாத பாவம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். ராத்திரியெல்லாம் யோசித்து, சின்ன வயதில் அப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்த சில்லறை வரை சொல்லி அழுதாள். அப்புறம் ஒரு நாள் சளி டெஸ்டுக்குப் போனபோது லேபில் இருந்தவர் எங்களைக் கூப்பிட்டு, மைக்ராஸ்கோப்பில் வந்து பார் என்றார். அக்கா ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவுதானா?" என்றாள். அதற்கப்புறம் பாவத்தைப் பற்றி அவள் பேசவேயில்லை. மாத்திரையை நேரத்துக்கு விழுங்கினாள், ஜெபமும் பண்ணினாள், பயமில்லாமல் பண்ணினாள். அந்தக் குச்சிக்கு அவள்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். நீங்கள் அதைச் சிலுவையாக்கினால், உங்கள் சபையில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் மறுபடியும் தண்டனையா சோதனையா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஸ்வாமர்டாமுக்கு வருகிறேன். கோடையில் காலை ஆறு மணிக்கே உட்கார்ந்து, வெளிச்சத்தை மறைக்கக்கூடாது என்று தலையில் ஒன்றும் போடாமல், வேர்த்து வழிய, கண் கூசிப்போகும் நண்பகல் வரை பார்ப்பாராம், அவர் வாழ்க்கையை எழுதிய பூர்ஹாவே சொல்கிறார். நான் தேடுவது கடவுளையா, என் பெயரையா என்ற சந்தேகம் அவரை அரித்தது. 1675ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த்வானெத் பூரிஞ்ஞோன் என்ற பக்தைப் பெண்மணியிடம் போனார். பட்டுப்புழுவைப் பற்றி எழுதியதை அழித்துவிட்டு, படங்களை மட்டும் இத்தாலியில் இருந்த மால்பீகி என்ற உடற்கூறு ஆய்வாளருக்கு அனுப்பினார். அதே வருடம் மேஃப்ளை பூச்சியைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார், சில மணிநேரமே பறந்து சாகிற அதை மனித வாழ்வுக்கு உவமையாக்கி, பக்கம் பக்கமாகத் தியானங்கள். அவருக்கு அப்போது அது தேவைப்பட்டது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1681ல் வந்த ஆங்கிலப் பதிப்பு தியானங்களை வெட்டிவிட்டது, பூச்சி மிஞ்சியது.

பூரிஞ்ஞோனிடமிருந்து திரும்பி வந்து அவர் வரைந்தது ஒரு பேனை. 1678ல் தெவெனோ என்ற நண்பருக்கு எழுதும்போது, ஒரு பேனின் உடலில் சர்வவல்லவருடைய விரலை உங்களுக்குக் காட்டுகிறேன் என்றார். யாத்திராகமம் 8ஆம் அதிகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். புழுதி பேனாகிறது, அதைச் செய்ய முடியாத மந்திரவாதிகள் "இது தேவனுடைய விரல்" என்கிறார்கள். அந்த வசனத்தோடு அவர் பேனுக்கு உள்ளேயே போனார், குடல், நரம்பு, முட்டைப்பை என்று. பேனுக்குச் சிறகு வைக்கவில்லை.

இன்னொன்று. கொசுப்புழு தண்ணீரில் தலைகீழாகத் தொங்குவதை அவர் 1669லேயே வரைந்துவிட்டார். அவரை வாட்டியது விட்டுவிட்டு வரும் மலேரியா, 1680ல் 43 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கிருமியை லவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் ரத்தத்தில் கண்டது 1880ல், அது கொசு வயிற்றில் வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897ல். கொசு இனம்தான் தன் காய்ச்சலைச் சுமக்கிறது என்று தெரியாமலே அதன் புழுவை அவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார். நீங்கள் தெரிந்தே வரைகிறீர்கள், அப்படி வரைய அவருக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. அதில் போய் ஒளிவட்டம் போடுகிறீர்களே!

மூன்றாவது படத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி வரையுங்கள். வசனம் வேண்டுமானால் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், சிவப்பு மங்கலாகத் தெரிகிறது என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்களே, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருந்தில் இருந்த எத்தாம்பியூட்டால் கண் நரம்பைப் பாதிக்கக்கூடியது, நிறம் மங்குவது அதன் அறிகுறிகளில் ஒன்று. மருந்து ஓடும்போதே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்த வாரமே கண் டாக்டரிடம் போய், சாப்பிட்ட மாத்திரைகளின் சீட்டைக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், படங்கள் பிறகு வரட்டும்.