கூரையைத் தாங்கும் மரக்கால்கள்

கேள்வி: சீனத்துப் பழங்கோவில்களின் படங்களில், தூணுக்கும் கூரைக்கும் நடுவே மரத்துண்டுகளை அடுக்கடுக்காகக் கோத்திருக்கிறார்களே, அது அலங்காரத்துக்கா, பாரம் தாங்குவதற்கா? நெல்லையப்பர் கோவில் தூண்களின் தலையில், உத்தரத்தைத் தாங்க நாம் காணும் போதிகைக்கும் அதற்கும் உறவு உண்டா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: பாரம் தாங்குவதற்குத்தான், அழகு அதன் பின்னால் வந்தது. அந்த அடுக்குக்குச் சீன மொழியில் தோகோங் என்று பெயர். 'தோ' என்பது தானியம் அளக்கும் மரக்கால். தூணின் தலையில் அமரும் கட்டை, வாய் அகன்று அடி குறுகி அந்த வடிவிலேயே இருக்கும். 'கோங்' என்பது அதன்மேல் குறுக்கே வைக்கப்படும் வளைந்த கைமரம். கைமரத்தின் நுனிகளில் மீண்டும் சிறு மரக்கால்கள், அவற்றின்மேல் இன்னும் நீண்ட கைமரம் என்று அடுக்கு மேலே போகப்போக விரிகிறது. ஆணி அடிப்பதில்லை, காடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்துகிறார்கள்.

இத்தனை உழைப்பும் எதற்காக என்றால், மழைக்காக. தூண்கள் மரம், சுவர்கள் பெரும்பாலும் மண். சாரல் அடித்தால் இரண்டும் கெடும். தாழ்வாரம் குறுகலான வீட்டில் சுவரின் அடி எப்படிக் கரையும் என்பது, தென்மேற்குச் சாரலில் நனையும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கூரை விளிம்பை வெகுதூரம் வெளியே நீட்ட வேண்டும். நீட்டிய கனத்த ஓட்டுக்கூரை சாயாமல் நிற்கவும் வேண்டும். ஷான்சி மாநிலத்தில் கி.பி. 857இல் கட்டப்பட்ட ஃபோகுவாங் கோவிலின் கிழக்கு மண்டபத்தில் விளிம்பு ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நீண்டிருக்கிறது. அங்கே அடுக்குக்குள் சாய்வாகச் செருகப்பட்ட நீண்ட மரங்கள் உண்டு. அவற்றின் வெளிநுனி விளிம்பைத் தாங்க, உள்நுனியை மேற்கூரையின் பாரம் அழுத்திப் பிடிக்கிறது. கிணற்றுத் துலாவின் வேலைதான் அது. வெளியே இழுக்கும் கனத்தை உள்ளே இருக்கும் கனமே சமன்செய்கிறது. 1937இல் லியாங் சிசெங், லின் ஹுயின் தம்பதியர் இம்மண்டபத்துக்குள் ஏறி அளந்து, அதன் காலத்தை உறுதிசெய்தார்கள்.

இனி போதிகை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறந்தது என்று கொள்ள வேண்டாம். செய்யும் பணியால் இரண்டும் இனத்தவை. கல் உத்தரம் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. தூணின் இருபுறமும் கை நீட்டும் போதிகை, உத்தரம் அந்தரத்தில் கிடக்கும் நீளத்தைக் குறைத்து அதை முறியாமல் காக்கிறது. நுனியில் தொங்கும் வாழைப்பூ மொட்டு அதற்குப் பிறகுதான். ஆனால், கல் அசையாமல் நிற்பதால் காக்கிறது, மரம் அசைந்து கொடுப்பதால் காக்கிறது. பூமி அதிரும்போது தோகோங்கின் நூற்றுக்கணக்கான பொருத்துகள் சற்றே நெகிழ்ந்து உராய, அதிர்வின் வேகம் அந்த உராய்விலேயே தேய்ந்துவிடுகிறது. 1056இல் எழுந்த யிங்சியன் மரக்கோபுரம், 67 மீட்டர் உயரம், பல நிலநடுக்கங்களைக் கடந்து இன்றும் நிற்கிறது. அதில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைத் தோகோங்குகள் உள்ளன.

இதற்கு இலக்கணமும் வகுத்தார்கள். சோங் அரசின் அதிகாரி லீ ஜியே தொகுத்து 1103இல் அச்சான 'யிங்சாவ் ஃபாஷி' என்னும் நூல், கைமரத்தின் குறுக்குவெட்டை உயரம் 15க்கு அகலம் 10 என்ற விகிதத்தில் நிறுத்தி, கட்டடத்தின் மற்ற மர அளவுகளை அதிலிருந்தே கணிக்கச் சொல்கிறது. முகத்தின் அளவைக் கொண்டு சிலையின் உடல் முழுவதையும் நம் சிற்பிகள் கணிப்பது போல.

பின்னால் வந்த மிங், சிங் அரசர்கள் காலத்தில் அடுக்குகள் சிறுத்தன, எண்ணிக்கையில் பெருகின, வண்ணம் பூசப்பட்டு அழகுக்கே அதிகம் பயன்பட்டன. அலங்காரமோ என்ற ஐயம் தங்களுக்கு எழுந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். தாங்கள் பார்த்த படத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள்: தூண்களுக்கு இடையிலும் அடுக்குகள் நெருங்கிச் சிறியனவாக வரிசை கட்டியிருந்தால் அது பிற்காலத்துக் கட்டடம், தூணின் பாதி உயரத்துக்கு ஓங்கி, விலகி விலகி நின்றால், அது ஃபோகுவாங் போன்ற பழைய கட்டடமாக இருக்கக்கூடும்.