மாவட்டத் திட்டக்குழுவில் யாருக்கு இடம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஊர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் மாவட்டத் திட்டக்குழுத் தேர்தலில் எனக்கு ஓட்டே கிடையாதாம். இது சரியா?
*– ஊராட்சி மன்றத் தலைவர், தென்காசி மாவட்டம்*

சட்டப்படி சரிதான். மாவட்டத்தின் ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகள் போடும் திட்டங்களை ஒன்றாக இணைத்து மாவட்டத் திட்டமாக்குவதுதான் இந்தக் குழுவின் வேலை. 74-வது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்ந்த 243 இசட்.டி. பிரிவு, 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, குழுவின் மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் தேர்தல் மூலம் வர வேண்டும். நிற்கவும் ஓட்டுப் போடவும் உரிமை பெற்றவர்கள் இரண்டே வகையினர்: மாவட்ட ஊராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், மாவட்டத்தில் உள்ள நகர்ப்புற உள்ளாட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். கிராம ஊராட்சித் தலைவரும் ஒன்றியக் கவுன்சிலரும் இந்த வரையறைக்குள் வரவில்லை. கிராமம், ஒன்றியம், மாவட்டம் என்ற மூன்றடுக்கில் மேலடுக்கை மட்டும்தான் சட்டம் எடுத்துக்கொண்டது.

ஊருக்கு மிக அருகில் இருப்பவரை வெளியே நிறுத்தியது இந்தச் சட்டத்தின் பெரிய குறை என்பது எங்கள் கருத்து. இப்போதைக்கு உங்கள் கைக்கு எட்டும் வழி உங்கள் பகுதி மாவட்டக் கவுன்சிலர்தான். கிராமசபைத் தீர்மானத்தின் நகலை அவரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பேரூராட்சிக் கவுன்சிலர். ஊரகப் பிரிவில் போட்டியிடலாமா?
*– வாசகி, ஈரோடு மாவட்டம்*

முடியாது. பெயரில் ‘ஊராட்சி’ ஒட்டிக்கொண்டிருப்பதால் பலருக்கும் வரும் குழப்பம் இது. சட்டத்தின் கண்ணில் பேரூராட்சி, நகராட்சியையும் மாநகராட்சியையும் போல நகர்ப்புற அமைப்பு. நகர்ப்புற இடங்களுக்குத்தான் நீங்கள் மனு செய்ய முடியும், ஓட்டும் அந்தப் பக்கம்தான்.

ஊரகத்துக்கு இத்தனை, நகரத்துக்கு இத்தனை என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? எங்கள் மாவட்டத்தில் நகரக் கவுன்சிலர்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம்.
*– வாசகர், சேலம்*

கவுன்சிலர்களின் தலையை எண்ணிப் பிரிப்பதில்லை. மாவட்டத்தின் ஊரக, நகர்ப்புற மக்கள்தொகை விகிதம்தான் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. மாவட்ட மக்கள்தொகை 15 லட்சம், அதில் ஊரகம் 9 லட்சம், நகரம் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். குழுவில் மொத்தம் 20 பேர் என்றால் தேர்தலில் வருபவர்கள் 16 பேராவது இருக்க வேண்டும். 16-ல் 60 சதவீதம் 9.6. அது 10 ஆகிறது, மிச்சம் 6 நகரத்துக்கு.

இனி ஓட்டுக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் சுமார் 50,000 பேருக்கு ஒரு மாவட்ட ஊராட்சி வார்டு. 9 லட்சத்துக்கு 18 கவுன்சிலர்கள். அந்த 18 பேரில் 10 பேர் குழுவுக்குப் போகிறார்கள், பாதிக்கும் மேல்! நகரப் பக்கம் இருநூறு, முந்நூறு கவுன்சிலர்கள் 6 இடத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்கும். போட்டி எல்லாம் நகரத்தில் நடப்பதும், ஊரகத்தில் ‘பேசி முடித்து’ போட்டியின்றித் தேர்வாவதும் இதனால்தான்.

கணக்கில் வழக்கமாக வழுக்கும் இடம் ஒன்று உண்டு. குழுவின் எண்ணிக்கை 18 என்றால் ஐந்தில் நான்கு பங்கு 14.4. பாதிக்குக் கீழே இருக்கிறதே என்று 14 ஆக்கிவிட்டால் சட்டமீறல். ‘குறையாமல்’ என்று இருப்பதால் 15-தான் சரி. ஊரகம், நகரம் என்று பிரிக்கும்போது அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றலாம், ஐந்தில் நான்கு கணக்கில் எப்போதும் மேல்நோக்கித்தான் மாற்ற வேண்டும். அறிவிக்கை வந்ததும் இந்த இரண்டு எண்களையும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

கூட்டத்தில் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.யும் மேடையில் உட்காருகிறார்கள். அவர்கள் உறுப்பினர்களா?
*– வாசகர், திருநெல்வேலி*

தமிழ்நாட்டில் அவர்கள் நிரந்தரச் சிறப்பு அழைப்பாளர்கள், உறுப்பினர்கள் அல்லர். 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 241-வது பிரிவு இந்தக் குழுவைப் பற்றிச் சொல்கிறது. மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் குழுவின் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர்.

அழைப்பாளர் என்று வைத்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. மேலே சொன்ன 20 பேர் குழுவில் 8 எம்.எல்.ஏ.க்களை உறுப்பினர்களாகச் சேர்த்தால் மொத்தம் 28. தேர்வானவர்கள் அதே 16 பேர்தான். 80 சதவீதம் 57 சதவீதமாகச் சரிந்துவிடும். ஆகவே வருகைப் பதிவேட்டில் அழைப்பாளர்களுக்குத் தனிப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். ஒரே தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் யார் உறுப்பினர் என்பதே பின்னால் தகராறாகும்.

தலைவர் யார் என்பதை மாநிலங்கள் முடிவு செய்துகொள்ளலாம். மகாராஷ்டிரத்தில் மாவட்டப் பொறுப்பு அமைச்சரே தலைவர். கேரளத்தில் 15 பேர் குழு: 12 பேர் தேர்வானவர்கள், மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவர் குழுத் தலைவர், கலெக்டர் ஒருவர், அரசு நியமிக்கும் திட்டமிடல் அனுபவசாலி ஒருவர். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அங்கே உள்ளாட்சிகளின் ஆண்டுத் திட்டங்கள் இந்தக் குழுவின் ஒப்புதலுக்குப் போவதால் கூட்டத்துக்கு வராமல் இருக்க யாருக்கும் மனம் வராது.

ஓய்வுபெற்ற பொறியாளர் நான். உறுப்பினராக முடியுமா?
*– வாசகர், மதுரை*

மாவட்டக் கவுன்சிலராகவோ நகர்ப்புறக் கவுன்சிலராகவோ ஆகி, பிறகு குழுத் தேர்தலிலும் தேர்வானால் முடியும். கேரளத்தில் இருப்பது போன்ற நியமன நிபுணர் இடத்துக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் வழியில்லை.

2023-ல் தேர்வான எங்கள் குழு இப்போது கூடுவதே இல்லை. ஏன்?
*– முன்னாள் மாவட்டக் கவுன்சிலர், தஞ்சாவூர் மாவட்டம்*

குழுப் பதவி கவுன்சிலர் பதவியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அடிப்படைப் பதவி போனால் அதுவும் போய்விடும். 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். நகர்ப்புறக் கவுன்சிலர்கள் 2022 பிப்ரவரியில் தேர்வானவர்கள், அவர்களுடைய ஐந்தாண்டுக் கணக்கு வேறு. ஒரு பக்கம் ஆள் இருக்க, ஊரகப் பக்கம் முழுதும் காலியாகிவிட்டது. தலைவர் நாற்காலியும் மாவட்ட ஊராட்சித் தலைவருடையது என்பதால் அதிலும் ஆளில்லை. தனி அலுவலர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், அவரை வைத்து ஐந்தில் நான்கை நிரப்ப முடியாது.

இந்த இழப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஆற்றிலிருந்து நகராட்சியும் பத்து ஊராட்சிகளும் குடிநீர் எடுக்கும்போது பங்கீட்டைப் பேசுவதும், நகரத்துக் குப்பை எந்த ஊர் எல்லையில் கொட்டப்படுகிறது என்று கேட்பதும் இரு தரப்பும் ஒன்றாக உட்காரும் இந்தக் குழுவில்தான் நடக்க வேண்டும். நீர்ப் பங்கீடு, இடம்சார் திட்டமிடல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றை 243 இசட்.டி. பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஊரகத் தேர்தல் முடிந்து மாவட்டக் கவுன்சிலர்கள் பதவியேற்றதும், காலியான ஊரக இடங்களுக்குத் தேர்தல் எப்போது என்று மாவட்ட ஊராட்சியின் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுக் கலெக்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள். கடந்த முறை உள்ளாட்சிப் பதவியேற்புக்கும் 2023 ஜூனில் நடந்த குழுத் தேர்தலுக்கும் நடுவே சில மாவட்டங்களில் மூன்றரை ஆண்டு ஓடிவிட்டது.