சைக்கிள் விளக்குக்கு 10 வாட் எல்இடி தேவையா?

கேள்வி: விடியற்காலையில் பால் ஊற்ற சைக்கிளில் போகிறேன். தெருவிளக்கே இல்லாத பாதை. 3 வாட் எல்இடி ஒன்றைப் பழைய லேப்டாப் பேட்டரியில் கழற்றிய 18650 செல்லோடு நேராக இணைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து ஹேண்டில்பாரில் கட்டினேன். பளீரென்று எரிந்தது, பத்து நிமிடத்தில் மங்கியது. சில நாளில் நீலம் பாய்ந்து போய்விட்டது. 10 வாட் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கடைகளில் கிடைக்கும் 10 வாட் எல்இடி பெரும்பாலும் 9 முதல் 12 வோல்ட் கேட்கும். ஒரு செல்லில் அது எரியாது. உங்கள் பாதைக்கு 3 வாட்டே தாராளம். கரண்டைக் கட்டுப்படுத்த ஆளில்லாததும், சூடு வெளியேற வழியில்லாததும்தான் அதைக் கெடுத்தன.

முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட் தரும். 700 மில்லிஆம்பியர் ஓட வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3.2 வோல்ட் போதும். அதற்குமேல் கால் வோல்ட் கூடினாலே கரண்ட் கிடுகிடுவென ஏறும். சூடாக ஆக எல்இடி கேட்கும் வோல்டேஜ் இறங்கும், அதனால் கரண்ட் இன்னும் ஏறும், சூடும் ஏறும். நடுவில் ஒரு டிரைவர், அதாவது கரண்டை அளவோடு விடும் சுற்று, கட்டாயம். 7135 சிப் உள்ள சின்ன வட்ட போர்டு கேளுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலும் ஆன்லைனிலும் தேடலாம். ஒரு சிப் 350 மில்லிஆம்பியர் விடும், இரண்டு சிப் இருந்தால் 700. நல்ல 2600 மில்லிஆம்பியர்-மணி செல் மூன்றரை மணி நேரம் தாங்கும். பழைய லேப்டாப் செல்லில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் சூடு. எல்இடிக்குப் போகும் மின்சக்தியில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. பிளாஸ்டிக் அதைக் கடத்தாது. அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சேனல் துண்டு வாங்குங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) மெல்லியதாகத் தடவி, எல்இடியின் நட்சத்திரத் தகட்டை இரண்டு ஸ்க்ரூவால் இறுக்குங்கள். பேஸ்ட் தடிமனாக இருந்தால் அதுவே சூட்டைத் தடுக்கும். சேனலின் முதுகு வெளியே காற்றுப் படும்படி இருக்கட்டும். ஐந்து நிமிடம் எரியவிட்டுத் தொட்டுப் பாருங்கள்: சேனல் வெதுவெதுப்பாக இருந்தால் சூடு வெளியே வருகிறது. எல்இடி தகடு கொதித்து, சேனல் ஜில்லென்று இருந்தால் இரண்டும் சரியாக ஒட்டவில்லை.

10 முதல் 15 டிகிரி லென்ஸ் ஒன்று மாட்டுங்கள். அதன் ஒளி வட்டமாக விழுவதால், நேராக வைத்தால் எதிரே வருபவர் கண் கூசி உங்கள் மேலேயே ஏற்றிவிடுவார். விளக்கு 80 செ.மீ. உயரத்தில் இருந்தால், 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் வெளிச்சத்தின் மையம் 40 செ.மீ. உயரத்தில் விழவேண்டும். சாலையில் அது 10 மீட்டர் முன்னால் விழும். பள்ளம் தெரிய அது போதும்.

செல்லை டிபி4056 என்ற சார்ஜர் போர்டில், பாதுகாப்புச் சுற்று சேர்ந்த வகையில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள். செல்லின் மேல் நேராகச் சால்டர் வைக்காதீர்கள், ஹோல்டர் போடுங்கள். 9900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650 கண்டிப்பாகப் பொய். பழைய செல் மல்டிமீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அதைச் சார்ஜ் போட்டே பார்க்காதீர்கள், தீப்பிடிக்கக்கூடும். மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.